கயல் அழக் கூடாது

கம்பத்திலிருந்து மெட்டு மலைப்பாதை ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புக்காரர்களில் சுருளியாண்டிக்கு வாய்த்த தொண்டை வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. ஸ்டாண்டில் நின்று "வண்டன்மேடு" என்று ஒரு தடவை கூவினால், தேனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்கூட ஒரு கணம் எழுந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதன் 2008-ஆம் வருஷத்தில் பெரும்பகுதியைத் தன் தெருவில் கிசுகிசுத்தே கழித்தான். எல்லாம் அவன் மகள் கயலுக்காக.

கயலுக்கு மூன்றாம் மாதம் தடுப்பூசி போட்ட அன்று அவள் வீறிட்டு அழுதாள். ஊசி போட்டால் எந்தக் குழந்தைதான் அழாது? ஆனால் இவளுக்கு அழ அழ உதடும் நகமும் கறுத்து, தோட்டத்துத் திராட்சை நிறத்துக்குப் போய்விட்டன. தூக்கிக்கொண்டு ஓடிய அந்தப் பத்து நிமிஷத்தில் சுருளியாண்டிக்குப் பாதி உயிர் போய்விட்டது. மதுரையில் பரிசோதித்த டாக்டரம்மா, இதயத்தில் ஓட்டை இருக்கிறது, ஆபரேஷன் செய்து சரிபண்ணிவிடலாம், ஆனால் கொஞ்சம் எடை கூடட்டும், அதுவரை பிள்ளையை ஏங்கி அழ விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். மிச்சமிருந்த பாதி உயிரோடு ஊர் திரும்பிய சுருளியாண்டி ஒரு சட்டம் போட்டான். கயல் அழக் கூடாது.

அந்தச் சட்டம் தெரு முழுக்கச் செல்லுபடியானது. அவன் மனைவி அனுசுயா குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுச் சோறு வடித்தாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி போடுமுன் எட்டிப் பார்த்து, பிள்ளை முழித்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார்கள். விடிகாலையில் ஜீப்பைக் கிளப்பினால் கயல் திடுக்கிட்டு விழிப்பாளே என்று, தோட்டத்துக்குப் போகிற பெண்களை இறக்கி, மெயின் ரோடு வரைக்கும் வண்டியைத் தள்ளவைத்தான். அவர்களில் மூத்தவள் பஞ்சம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏப்பா சுருளி, நாம வண்டியில போறமா, வண்டியக் கூட்டிட்டுப் போறமா?"

கேட்பாளே தவிர, எல்லாரையும்விட அழுத்தித் தள்ளுகிறவளும் அவள்தான்.

இந்த ராஜ்ஜியம் யாருடையது என்பதைக் கயல் சீக்கிரமே தெரிந்துகொண்டாள். கீழுதட்டை லேசாகப் பிதுக்கினால் போதும், அப்பன் ஆடாக மாறுவான். அதில் திருப்தி இல்லையென்றால், மெட்டு வளைவில் முதல் கியரில் முக்குகிற ஜீப்பாவான். அதற்கும் மசியாவிட்டால், "எந்தா சேட்டா, எவிடே போணு" என்று மலையாளத்தில் விசாரித்து விறைப்பாக நிற்கும் கேரளச் செக்போஸ்ட் போலீஸ்காரர் வருவார். போலீஸ்காரருக்கு மட்டும் கயல் பெருந்தன்மையாகச் சிரிப்பாள்.

ஒன்பதாம் மாதம் மதுரையில் ஆபரேஷன் நடந்தது. அந்த ஆறு மணி நேரமும் சுருளியாண்டி கயலின் துண்டைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்தான். அனுசுயாவுக்கு அதைப் பார்க்கத்தான் அதிக பயமாக இருந்தது. பதினெட்டு நாள் கழித்து, நெஞ்சின் நடுவே ஜிப் வைத்துத் தைத்தது போன்ற தழும்போடு கயல் வீடு வந்தாள்.

டாக்டரம்மா இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். நெஞ்செலும்பு கூடும்வரை, ஆறு வாரத்துக்குக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, கழுத்துக்கடியிலும் இடுப்புக்கடியிலும் கைகொடுத்து அள்ள வேண்டும். அது முடிந்ததும், கழுத்தும் முதுகும் பலப்பட, தினமும் பாயில் குப்புறப் போட வேண்டும். இத்தனை மாதமும் தோளிலேயே வளர்ந்த பிள்ளை, நிச்சயம் அழுவாள். அழட்டும், அதனால் ஒன்றும் ஆகாது.

முதல் விஷயத்தைச் சுருளியாண்டி வேதமாக எடுத்துக்கொண்டான். பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே ஒரு தலையணையைச் சரியாக அள்ளிக் காட்டினால்தான் உள்ளே போகலாம். பஞ்சம்மாள் மூன்று தடவை தோற்றாள். அஞ்சு பெற்றவளுக்கே தலையணை தூக்கப் பாடம் எடுக்கிறான் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டாவது விஷயத்தில்தான் வந்தது வினை. தன்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று அனுசுயா அடுப்படிக்குப் போய்விட்டாள். சுருளியாண்டி சாயங்காலம் பாயை விரிப்பான், கயலைக் குப்புறப் போடுவான், அவள் உதடு பிதுங்கும், அடுத்த நொடி அவன் தோளில் இருப்பாள். "ஆச்சா?" என்று அனுசுயா கேட்டால், "ரெண்டு நிமிசம் படுத்தா, தங்கம்ல" என்பான். ஒரு மாதம் இப்படியே ஓடியது. அழக்கூட இல்லையே என்று அனுசுயா பெருமைப்பட்டாள்.

மறுபடி காட்ட மதுரைக்குப் போனபோது டாக்டரம்மா கயலைக் குப்புறக் கிடத்தினார். அவளுக்குத் தலையைத் தூக்கவே தெரியவில்லை. கன்னத்தை விரிப்பில் வைத்தபடி அப்பனைத் தேடி உதட்டைப் பிதுக்கினாள். அவ்வளவுதான், அறை முழுக்க நர்ஸுகள் நிற்பதை மறந்து சுருளியாண்டி "மே" என்றான்.

அனுசுயா மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு வைத்தியம் முடிஞ்சிருச்சு, உங்களுக்குத்தான் இன்னும் முடியலை" என்றார் டாக்டரம்மா. பிறகு சிரிக்காமல் சொன்னார். இப்படியே தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் இவள் தவழ்வதும் நிற்பதும் தள்ளிக்கொண்டே போகும். இதயத்தைச் சரிசெய்தாயிற்று, உடம்பு தேறுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில், தேனி தாண்டியதும், மடியில் தூங்கிய கயலைப் பார்த்தபடி அனுசுயா சொன்னாள்.

"பொய் சொன்னீக. நானும் தெரிஞ்சுக்கப் பயந்துதான் அடுப்படியில ஒளிஞ்சேன். அவுக நெஞ்சத் தொறந்து சரிபண்ணி மூடிட்டாக. நாமதான் இன்னும் நம்பல."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு ட்ரிப் இல்லை. அனுசுயா பாயை விரித்து, கயலைக் குப்புறப் போட்டுவிட்டு, சுருளியாண்டியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஆடு வரக் கூடாது, ஜீப் வரக் கூடாது, போலீஸும் வரக் கூடாது. கயல் உதட்டைப் பிதுக்கிக் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. வாயைத் திறந்தாள்; சத்தமே இல்லாமல் மூச்சு உள்ளே நின்றது. சுருளியாண்டி எழப் போனான். அனுசுயா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பிறகு கயல் அழுதாள். இத்தனை மாதமாகச் சேர்த்துவைத்ததை எல்லாம் மொத்தமாக எடுத்து அழுதாள். சுருளியாண்டி அவள் உதட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது கறுக்கும், இதோ கறுக்கும் என்று பார்த்தான். அழ அழ அது வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்துகொண்டே போனது. அப்பனின் துரோகத்தை நேரில் பார்த்துவிடுவதென்று கோபத்தில் அவள் தலையை இரண்டு அங்குலம் தூக்கினாள்.

"தூக்கிட்டா" என்றாள் அனுசுயா.

அதற்குள் தெருவே வாசலுக்கு ஓடி வந்துவிட்டது. மாவு ஒட்டிய கையோடு பஞ்சம்மாள் முன்னால் நின்று, "ஏலே, பிள்ளைக்கு என்னாச்சுலே" என்று பதறினாள். சுருளியாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்து போய்க் கதவை அகலத் திறந்துவிட்டான்.

"ஒண்ணுமில்லத்தா, எம் மக அழுகுறா. உதடு செவப்பாவே இருக்கு. எல்லாரும் வந்து பாருங்க."