மஞ்சள் போர்டு வண்டியில் ஒரு வெளிநாட்டவர்

"பணியாளர் வெளிநாட்டவர். இந்திய வாழ்க்கைச் சூழலுக்குப் புதியவர். உள்ளூர் மொழிகள் அறியாதவர். காரம், குழாய்த் தண்ணீர், தெருநாய் ஆகியவை குறித்து எச்சரிக்கப்பட வேண்டியவர். தாமே வண்டி ஓட்டுவது பரிந்துரைக்கப்படவில்லை."

சுரங்க இயந்திரம் செய்யும் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம், பெர்த்திலிருந்து பெங்களூரு கிளைக்கு அனுப்பிவைத்த சுந்தரத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தது. சுந்தரம் பிறந்தது அதே பெங்களூருவின் ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையோர வீட்டில். ரயில் சத்தம் நின்றால்தான் அந்த வீட்டில் தூக்கம் கலையும். கன்னடத்தில் சண்டை போட்டு, தமிழில் சமாதானமாகி, உருதுவில் பேரம் பேசி வளர்ந்தவர். இடையில் குடியுரிமை மாறிவிட்டதால் பிறந்த ஊரிலேயே அயல்நாட்டுக்காரர் ஆகிவிட்டார். இந்தியாவில் சாலையைக் கடப்பது எப்படி என்று அவருக்கு நிறுவனம் ஒரு வகுப்பும் நடத்தியது. வகுப்பெடுத்த ஜெய்ப்பூர்ப் பெண், முடித்துவிட்டு மெஜஸ்டிக் போக எந்த பஸ் என்று அவரிடம்தான் கேட்டாள்.

டிரைவரோடு நீளமான கார் ஒன்றும் தந்தார்கள். அதில் எல்லாம் இருந்தது, தமயந்தியின் நாற்காலிக்கு இடம் மட்டும் இல்லை. சுந்தரத்தின் மனைவிக்கு நரம்புக் கோளாறில் கால்கள் ஓய்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. பிடித்துக்கொண்டு நிற்பார், நடக்க முடியாது. பேட்டரியில் ஓடும் அந்தச் சக்கர நாற்காலி மடங்காது. இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க வராது. பெர்த்தில் பிக்கப் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார்கள். அங்கே டாக்டரும் பிக்கப்தான் ஓட்டுவார், கொத்தனாரும் பிக்கப்தான் ஓட்டுவார். இங்கே வந்தபின் தமயந்தி பொம்மனஹள்ளி அடுக்ககத்தின் ஒன்பதாவது மாடியை விட்டு இறங்கவே இல்லை. விவேக் நகரிலிருந்து தங்கை பாஞ்சாலி வாராவாரம் தூக்குச் சட்டியோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"நீ வர்றது ஆஸ்பத்திரில நோயாளிய பாக்க வர்ற மாதிரி இருக்குடி," என்றார் தமயந்தி ஒருநாள். "ஒரு தடவையாவது உன் வீட்டுக்கு நான் விருந்தாளியா வரணும்."

அன்று சாயங்காலமே சுந்தரம் பிக்கப் பார்க்கக் கிளம்பினார்.

முதலில் பார்த்தது பணக்காரப் பிக்கப். நெஞ்சுயரம், முகமெல்லாம் வீரம். குடகு மலையில் ஏறும், ஆற்றில் இறங்கும் என்றார்கள். தமயந்தி ஏறுவாரா என்று கேட்டதற்கு மறுபடியும் குடகு மலை என்றார்கள். சுந்தரம் டேப்பை எடுத்து சீட்டின் உயரத்தை அளந்தார். கார் ஷோரூமில் டேப்போடு வரும் ஆளை யாருக்கும் பிடிக்காது.

அடுத்துப் போனது கூட்ஸ் வண்டிகள் விற்கும் இடம். விற்பனையாளர் முகேஷ் முதலில் டிரைவரைத்தான் வரவேற்றார். வாங்கப்போகிறவர் கோட்டு போட்ட இந்த ஆள் என்று தெரிந்ததும் சற்றுத் தடுமாறினார்.

"என்ன லோடு சார்? தக்காளியா, சிமென்ட்டா?"

"வீல்சேர்."

"சப்ளையா சார்? மாசத்துக்கு எத்தன பீஸ் போவும்?"

"ஒண்ணுதான். என் சம்சாரத்தோடது."

முகேஷ் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வானத்தைப் பார்த்தார். ஆனால் அந்தக் குட்டி வண்டியின் சீட்டு தாழ்வாக இருந்தது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் போதும், காலை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். பின்தட்டு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு இரும்புச் சறுக்குப் பலகை செய்துகொண்டால் நாற்காலி தானே ஓடி ஏறிவிடும். சுந்தரம் முன்பணம் கட்டிவிட்டார்.

செய்தி கேட்டுப் பாஞ்சாலி போனிலேயே சண்டைக்கு வந்தாள்.

"என்ன மாமா இது? ஆஸ்திரேலியாவிலேருந்து வந்து எங்கக்காவ டெம்போல ஏத்தினு வரப்போறீங்களா? தெருவுல என்ன சொல்லுவாங்க?"

"டெம்போ வந்துச்சும்பாங்க."

தமயந்திக்கும் அதிர்ச்சிதான். "லாரிக்காரர் பொண்டாட்டின்னு ஆக்கிட்டீங்களே," என்றார். பிறகு, சீட்டு உயரம் எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

வண்டி வந்த அன்று அடுக்ககமே அரண்டது. மஞ்சள் நம்பர் போர்டு, உள்ளே வீட்டுக்காரர். செக்யூரிட்டி கோவிந்தப்பா கையை நீட்டி மறித்தார்.

"கூட்ஸ் வண்டிக்கு பின்கேட் சார். மெம்பருக்கு மட்டும்தான் முன்கேட்."

"நானும் மெம்பர்தானே கோவிந்தப்பா?"

"நீங்க மெம்பர் சார். வண்டி மெம்பர் இல்லயே."

"ஆய்த்து பிடு," சரி விடு என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, சுந்தரம் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

அதே வாரம் குடியிருப்போர் சங்கக் கூட்டம். சரக்கு வண்டிகளை வளாகத்தில் நிறுத்தக்கூடாது என்பது விதி. செயலாளர் மமதா விதியை வாசித்தார், வருத்தத்தோடு. வெளிநாட்டுக்காரர் கார் நிற்கிறது என்று வாடகைக்கு வருபவர்களிடம் சொல்லிவந்த கட்டடம் அது.

"நீங்க ஏன் சார் இப்படி? வேன் எடுத்திருக்கலாமே?"

"வேன் கதவுல நாற்காலியோட முதுகு இடிக்குதும்மா."

"முன்கேட்டுக்கு ஸ்பெஷல் பர்மிஷன் கேக்காதீங்க. கமிட்டி ஒத்துக்காது."

"அது வேணாம். பின்பக்கம் குப்பைத்தொட்டி பக்கத்துல, தண்ணி லாரி நிக்கிற எடத்துல ஒரு ஓரம் குடுங்க."

மறுப்பதற்குத் தயாராக வந்தவர்களிடம், மறுக்கக் கூச்சமாக இருக்கும்படி இவ்வளவு கீழான ஒன்றை யாரும் கேட்டதில்லை. குப்பைத்தொட்டிப் பக்கம் வீட்டுக்காரரா என்று ஒருவர் தனக்குள் கேட்டுக்கொண்டார். சுந்தரம் விளக்கினார். முன்பக்க லிப்டில் நாற்காலியின் கால்பலகை கதவில் மாட்டுகிறது. கட்டில், பீரோ ஏற்றும் பெரிய லிப்ட் பின்பக்கம். அங்கே படி கிடையாது, சரிவுப்பாதைதான். கௌரவமான வாசல் தமயந்தியை உள்ளேயே வைத்திருந்தது. சாமான் வாசல் வெளியே விட்டுவிடும்.

தண்ணீர் லாரியும் சரக்கு வண்டிதானே, அது மட்டும் நிற்கலாமா என்று யாரோ கேட்டுவிட்டார்கள். மமதா விதியை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, "எழுதிக்குங்க, அனுமதி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுந்தரம் நாற்காலியைப் பின்னால் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, தமயந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, விவேக் நகருக்குத் தாமே வண்டி ஓட்டிக்கொண்டு போனார்.