மெட்ராஸ் சர்ட்டிபிகேட்

சீதாலெட்சுமி மெட்ராஸில் மூன்று வருஷம் நர்ஸ் படிப்பும் அதற்கு மேல் ஒரு வருஷம் பிரசவப் பயிற்சியும் முடித்தவள். கல்யாணமான ஆறாம் மாதமே புருஷனை இழந்து, அண்ணன் வீட்டில் முகம் பார்த்துச் சாப்பிட வேண்டியிருந்தவள். மலாயாவில் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் நடுவே ரப்பர் தோட்ட முதலாளிகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்ததும், 1929-இல் கப்பல் ஏறிவிட்டாள்.

வந்த அன்றே வெள்ளைக்கார மேட்ரன் துரைசாணி அவளுடைய சர்ட்டிபிகேட்டுகளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். இங்கிலாந்தில் படிக்காதவளை நர்ஸ் என்று எழுத முடியாது என்று சொல்லி, விசாரிக்க வேண்டுமென்று அவற்றை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சீதாலெட்சுமிக்குக் கிடைத்தது ஆயா வேலை. தரை துடைக்க வேண்டும், மலச்சட்டி கழுவ வேண்டும்.

பத்து மாதம் அப்படியே போயிற்று. மேட்ரனாவது அவளைக் கண்டுகொள்வதில்லை. கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் பக்கிரிசாமியோ கண்ட இடத்திலெல்லாம் குத்திப் பேசினான். டாக்டர் பக்கத்தில் நின்று நின்று தொழில் பழகியவன் அவன். காட்டுவதற்கு அவனிடம் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. படித்தவள் ஒருத்தி அதே வார்டில் துடைப்பம் பிடித்து நிற்பது அவனுக்கு உறுத்தியது. நோயாளிகள் முன்னால் வேண்டுமென்றே அவளை “மெட்ராஸ் ஆயா” என்று கூப்பிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புஷ்பவல்லி என்ற ரப்பர் பால்வெட்டுக்காரியை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். கூலிகள் குடியிருக்கும் லயத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை. கட்டிலுக்கடியில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் வருவது புதன்கிழமைதான். மேட்ரன் கிள்ளானுக்குப் போயிருந்தாள். அவள் வரட்டும் என்றான் பக்கிரிசாமி.

சீதாலெட்சுமி முழங்கை வரை மருந்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டு கட்டிலருகே போனாள்.

“உன் வேலை தரை துடைக்கிறது. கைய எடு” என்றான்.

“அவ செத்தா நீங்கதான் பதில் சொல்லணும். தள்ளி நில்லுங்க.”

உள்ளே கைவிட்டு நஞ்சை மெல்லப் பிரித்தெடுத்தாள். வயிற்றை அழுத்திப் பிடித்து ரத்தம் நிற்கும்வரை அசையாமல் நின்றாள். பக்கிரிசாமி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தான்.

செவ்வாய்க்கிழமை மேட்ரன் முன்னால் விசாரணை. புஷ்பவல்லியைக் காப்பாற்றியது தான்தான் என்றும், ஆயா குறுக்கே வந்து இடைஞ்சல் செய்தாள் என்றும் பக்கிரிசாமி வார்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். புஷ்பவல்லியின் புருஷன் ரெங்கசாமியை மேட்ரன் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் ஞாயிற்றுக்கிழமை வார்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன். இப்போது பின்னால் நின்ற, கூலிகளுக்கு வேலை கொடுக்கும் தோட்டத்துக் கங்காணியைத் திரும்பிப் பார்த்தான். டிரெஸ்ஸர் ஐயாதான் காப்பாற்றினார் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். சீதாலெட்சுமியை அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அவள் அழவில்லை. சர்ட்டிபிகேட்டுகளைக் கேட்டாள். பிறகு பார்க்கலாம் என்றாள் மேட்ரன். அவை கைக்கு வராமல் போக முடியாதென்று ஆபீஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போகிற வருகிற கணக்கெழுதும் கிராணிகளும் தோட்டத்துப் பெண்களும் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. தோட்டத்துத் துரை காரில் வந்து இறங்கி, யார் இவள் என்று கேட்டபிறகுதான் இழுப்பறை திறந்து சர்ட்டிபிகேட்டுகள் அவள் கைக்கு வந்தன.

பத்து நாள் கழித்து, கிள்ளான் ரயில் நிலையத்தில் புஷ்பவல்லி பிள்ளையோடு அவளைத் தேடி வந்தாள்.

“என்னைக் காப்பாத்துனது யாரு கைன்னு எனக்குத் தெரியும்க்கா.”

“தெரிஞ்சத அங்க சொல்லியிருக்கணும்” என்றாள் சீதாலெட்சுமி. பிள்ளையை நீட்டினாள் புஷ்பவல்லி. சீதாலெட்சுமி வாங்கவில்லை. கோலாலம்பூர் ரயில் வந்தது, ஏறிக்கொண்டாள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓர் அறை பிடித்தாள். மருத்துவச்சியாகப் பதிய, படித்ததையே மறுபடி பரீட்சையாக எழுதச் சொன்னார்கள். எழுதினாள், தேறினாள். அப்போதும் பட்டணத்து டாக்டர்கள் அவளை வாசலிலேயே நிறுத்திப் பேசினார்கள். ரயில்வேக்காரர் வீட்டுப் பெண்கள் பிள்ளை குறுக்கே கிடந்தால் மட்டும் ஆள் அனுப்புவார்கள்; நலமாய்ப் பிறந்துவிட்டால் தெருவில் பார்த்தும் பேசமாட்டார்கள். அவளும் யாரோடும் சிரித்துப் பேசியதில்லை. பிரசவம் முடிந்ததும் அந்த வீட்டு ஆண்களைக் கூப்பிட்டு, தாயும் பிள்ளையும் யார் கையால் பிழைத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுவாள். அவர்கள் போட்டுக் கொடுக்காமல் அவள் அந்த வாசலைத் தாண்டமாட்டாள்.