மெக்கானிக் எப்படி வெளியே வந்தான்

நாலாம் பாகம் குப்பை. இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது, முப்பத்து மூன்று வருஷம் அதற்காகக் காத்திருந்தவன் நான். என் பதவி உயர்வுக்குக்கூட அவ்வளவு காலம் காத்திருந்ததில்லை. ஆனால் அந்தப் படத்தை எடுத்தவர்கள் செய்ததைவிட மோசமான ஒரு காரியத்தை, படம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எதிரில் இருந்த பிரியாணிக் கடையில் உட்கார்ந்துகொண்டு நான் செய்தேன். அதைச் சொல்வதற்கு முன் அந்தப் படங்கள் எங்களிடம் எப்படி வந்தன என்று சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெருவில் வீடியோ டெக் இருந்த ஒரே வீடு ஒரு சொல்தாவின் வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். பாரிசில் இருந்த அவருடைய மகன் கேசட் அனுப்புவான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, ஒரு கிளாஸ் வைன் குடித்துவிட்டு அவர் சாய்வு நாற்காலியில் தூங்கிவிடுவார். தெருப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் பார்க்கலாம். வாயைத் திறந்தால் வெளியே போக வேண்டியதுதான்.

படம் அமெரிக்கப் படம். பேசியது பிரெஞ்சு. எனக்கும், இப்போது ரெட்டியார்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பனுக்கும் இரண்டும் தெரியாது, நாங்கள் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். மூன்றாவது நண்பன்தான் எங்களுக்குக் கதி. அவன் மாதா கோவில் தெருக் கிறிஸ்தவப் பையன். நாலாம் வகுப்புவரை பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, வீட்டில் பணம் கட்ட முடியாமல் போய், எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தவன். இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். அவன் நடுவில் உட்காருவான், நாங்கள் இரண்டு பக்கமும் காதை அவன் வாய்க்கு அருகில் வைத்துக்கொள்வோம். சொல்தாவின் குறட்டைக்குக் கீழே அவன் தமிழ் ஓடும்.

கதாநாயகன் ஒரு பைலட். கூடவே ஒரு மெக்கானிக். முதல் பாகத்தில் பாலைவனம், இரண்டாவதில் பனிமலை, மூன்றாவதில் காடு. எங்களுக்குப் பைலட்டைப் பிடிக்கும் என்று வெளியே சொல்லிக்கொள்வோம், ஆனால் உள்ளுக்குள் மெக்கானிக்தான். கையில் எண்ணெய்க் கறையோடு, எதற்கெடுத்தாலும் முனகிக்கொண்டு, எங்கள் அப்பாக்களைப் போலவே இருந்தான். மூன்றாம் பாகத்தின் கடைசியில் விமானம் ஓர் அருவியின் விளிம்பில் தொங்குகிறது. வால் பக்கம் மெக்கானிக் உட்கார்ந்திருப்பதால்தான் அது விழாமல் நிற்கிறது. அவன் பைலட்டை முதலில் இறங்கச் சொல்கிறான். பிறகு விமானத்தோடு போய்விடுகிறான்.

எனக்குப் பதின்மூன்று வயது. அடக்க முடியாமல் அழுதேன். மருந்துக்கடைக்காரன் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு காட்டுக் கிழவி வந்து பைலட்டின் தோளில் கை வைத்து ஏதோ பேசினாள். எங்கள் நண்பன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் மொழிபெயர்த்தான்.

“அருவிக்குப் பின்னாடி ஒரு குகை இருக்குது. விழுந்தவங்க அங்கதான் போவாங்க. உன் ஆளு உசுரோடதான் இருக்கான். நீ கெழவனானப்பறம் வருவான்.”

அதோடு கேசட் வருவது நின்றது, கொஞ்ச நாளில் சொல்தாவும் இறந்துபோனார். நாங்கள் காத்திருந்தோம். பிறகு ஒருநாள் டிவியில் அந்தப் படத்தைத் தமிழ் பேசவிட்டுக் காட்டினார்கள். கிழவி வரும் இடத்தை வெட்டி சோப்பு விளம்பரம் போட்டிருந்தான்கள். எங்களுக்குக் கவலையே இல்லை. ஆபீசில் கடலூரிலிருந்து வரும் ஒருவர் மெக்கானிக் செத்துவிட்டான் என்று சொல்லப்போய், அவரோடு நான் ஆறு மாதம் பேசவில்லை. நாங்கள் பிரெஞ்சில் பார்த்தவர்கள், இவர் விளம்பரத்துக்கு நடுவில் பார்த்தவர். அந்தத் திமிர் எங்கள் மூவருக்கும் கடைசிவரை இருந்தது.

ஆட்டோக்கார நண்பனும் கதையை அங்கேயே விடவில்லை. டீக்கடையில் நின்றாலும், கல்யாண வீட்டில் சந்தித்தாலும், ஒருதரம் நோணாங்குப்பத்தில் படகுக்கு வரிசையில் நின்றபோதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். மெக்கானிக் குகையில் கண்ணில்லாத மீனைப் பிடித்துத் தின்கிறான். போல்ட்டால் சுவரில் கீறி நாள் கணக்கு வைக்கிறான். உடைந்த இறக்கையை அருவித் தண்ணீரில் சுற்றவிட்டு வெளிச்சம் உண்டாக்கிக்கொண்டான். எல்லாம் படத்திலேயே கிழவி சொன்னது என்பான், ஒரு நிமிஷம் பேசிய கிழவி இத்தனையும் எப்போது சொன்னாள் என்று நாங்கள் கேட்டதில்லை. எப்படி வெளியே வருவான் என்று கேட்டால் மட்டும், அதைப் படத்தில் பார்த்துக்கொள் என்று சிரிப்பான்.

அவனுக்கு ஒரே மகள். அப்பா பிரெஞ்சு தெரிந்தவர் என்று பிரெஞ்சிலேயே பட்டம் படித்தாள். மேல்படிப்புக்குப் பிரான்சில் இடமும் கிடைத்துவிட்டது. ஆட்டோவில் ஏறுகிற ஒருத்தரையும் அவன் விட்டதில்லை, தன் மகளுக்கு முதல் வாத்தியார் தான்தான் என்று சொல்லாமல் இறக்கிவிடமாட்டான். வேறு பெருமை எதுவும் அவனுக்கு இல்லை. வாடகை வீடு, முதுகுவலி, பழைய ஆட்டோ. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

நாலாம் பாகம் வருகிறது, அதே நடிகர் கிழவராகவே நடிக்கிறார் என்று செய்தி வந்ததும் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கிழவனானப்பறம் வருவான் என்றுதானே கிழவி சொன்னாள். முதல் நாள் காலைக் காட்சிக்கு நண்பனின் மகளே டிக்கெட் எடுத்துவிட்டு, தானும் வருவதாகச் சொன்னாள். நான் பெங்களூரில் இருக்கும் என் மகனைக் கூப்பிட்டேன். டிரெய்லரையே பார்க்க முடியவில்லை, நீங்களே போய்க்கொள்ளுங்கள் என்று பதில் அனுப்பினான். எனக்கு வயிறு எரிந்தது, மகன்மேல் மட்டுமல்ல.

படத்துக்கு ஒரு வாரம் முன்னால், தயாராகப் போக வேண்டும் என்று மூன்றாம் பாகத்தைப் போனில் போட்டுப் பார்த்தேன். இப்போது அது பிரெஞ்சிலேயே கிடைக்கிறது, கீழே தமிழ் சப்டைட்டிலோடு. கிழவி பேசியபோது மூன்று வரி வந்தது. அதில் குகை இல்லை. நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பிறகு, சப்டைட்டில் எழுதியவனுக்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டேன். மெக்கானிக் நாலாம் பாகத்தில் வந்துவிட்டால் நண்பன் சொன்னது சரி, அவ்வளவுதான். அந்த முள்ளோடுதான் தியேட்டருக்குப் போனேன்.

முதல் இருபது நிமிஷம் பைலட்டின் முகத்தைக் கம்ப்யூட்டரில் இழுத்துத் தேய்த்து இளமையாக்கியிருந்தார்கள். இஸ்திரி போட்ட முகம், அதற்குள் எழுபது வயதுக் குரல். பிறகு நிஜக் கிழவரைக் காட்டினார்கள், அவர் படி ஏறும்போதெல்லாம் காமிரா வேறு எங்கோ பார்த்தது. விமானம் கிடையாது, ட்ரோன். எல்லாச் சண்டையையும் ஒரு சின்னப் பெண் போட்டாள், கிழவர் பக்கத்தில் நின்று ஜோக் அடித்தார். ஒரு ஜோக்குக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கள் மெக்கானிக் ஒரு சுவரில் போட்டோவாகத் தொங்கினான், மூன்று விநாடி. பைலட் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விளக்கைப் போட்டபோது மருந்துக்கடைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அஞ்சாம் பாகத்தில் கொண்டுவருவான்கள் என்று நண்பன் எங்களைத் தேற்றினான். அவன் மகள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ கெட்டுப்போனது.

பிரியாணி வந்தது. நண்பனிடம் கேட்டேன்.

“டேய், உனக்கு நெஜமாவே பிரெஞ்சு தெரியுமாடா?”

என்ன கேள்வி இது என்று சிரித்தான். நான் போனை எடுத்து, சப்டைட்டிலை நிறுத்திவிட்டு, கிழவி பேசும் இடத்தை அவன் மகள் முன்னால் வைத்தேன். நீ படித்தவள், இந்தக் கிழவி என்ன சொல்கிறாள் என்று சொல்லம்மா என்றேன். குரலைத் தேன் மாதிரி வைத்துக்கொண்டேன்.

“வுடுடா, சாப்புடு,” என்றான் நண்பன். சோற்றிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு இன்னொன்றை எடுத்து வைத்தான். தலையைத் தூக்கவில்லை.

அவள் கேட்டாள். இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டாள். அப்பாவை ஒருமுறை பார்த்தாள்.

“அருவிக்குப் பின்னாடி ஒரு குகை இருக்குதாம் மாமா. விழுந்தவங்க அங்கதான் போவாங்களாம். அவரு உசுரோடதான் இருக்காராம். நீ கெழவனானப்பறம் வருவாருன்னு சொல்றாங்க.”

ஒரு வார்த்தை பிசகவில்லை. மருந்துக்கடைக்காரன் மேஜையைத் தட்டினான், அதானே பார்த்தேன் என்றான். நண்பன் தலை நிமிர்ந்தது. முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண் அந்த மேஜையில் இருந்த நாலு பேரையும் காப்பாற்றிவிட்டாள். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டு தயிர்ப்பச்சடியைப் பக்கத்தில் நகர்த்துவது.

நான் சப்டைட்டிலைப் போட்டேன். போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன். மருந்துக்கடைக்காரன் எதையும் சத்தமாகப் படிக்கிற பழக்கமுள்ளவன், மாத்திரை அட்டையைப் படிக்கிற மாதிரியே படித்தான்.

“அருவி யாரையும் திருப்பித் தராது. அழாதே. வீட்டுக்குப் போ.”

அதோடும் நான் நிறுத்தவில்லை. “நாலாங்கிளாஸ் பிரெஞ்சு. அத வெச்சிக்கினு முப்பது வருஷம் நம்மள ஏமாத்திருக்கான். உங்கப்பனுக்குத் தெரிஞ்சது போன்ழூரும் மெர்சியும்தாம்மா.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“எனக்குத் தெரியும் மாமா. எட்டாவது படிக்கறப்பவே தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்குத்தான் தெரியாது. இப்ப தெரிஞ்சிடுச்சி.”

நண்பன் எழுந்து போய்க் கை கழுவினான். வெகுநேரம் கழுவினான். திரும்பி வந்து மகளிடம் போகலாமா என்று மட்டும் கேட்டான். வரும்போது அவன் ஆட்டோவில்தான் எல்லோரும் வந்திருந்தோம். போகும்போது அவள் பின்னால் தனியாக உட்கார்ந்துகொண்டாள். மருந்துக்கடைக்காரன் என்னைப் பார்க்காமல் பஸ் ஏறினான். நான் அந்த வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அவள் பிரான்சுக்குப் போய்விட்டாள். வழியனுப்ப என்னைக் கூப்பிடவில்லை. நான் ராத்திரி பகல் பார்க்காமல் அந்தப் படத்தைத் திட்டுகிறவர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்தேன். உலகம் முழுக்கத் திட்டுகிறார்கள். முகத்தைத் திட்டுகிறார்கள், ட்ரோனைத் திட்டுகிறார்கள், படத்தில் சண்டை போட்ட பெண்ணைத் திட்டுகிறார்கள். மெக்கானிக் ஏன் வரவில்லை என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அவர்களுக்கு அவன் மூன்றாம் பாகத்திலேயே செத்துவிட்டான். நான் காத்திருந்த நாலாம் பாகம் அமெரிக்காவில் யாரும் எடுக்கவிருந்த படமே அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அழுகிறேன் என்பதற்காக ஒருத்தன் அதை ஆரம்பித்து, முப்பத்து மூன்று வருஷம் எனக்காக நடத்திக்கொண்டிருந்தான். இது எனக்குப் புரிந்தபோது வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அதைவிட மீதிக் கதை தெரியவில்லையே என்ற ஏக்கம்தான் அதிகமாக இருந்தது. நான் அப்படிப்பட்டவன்தான்.

நாலு தரம் கூப்பிட்ட பிறகு ஒரு சாயங்காலம் நண்பன் போனை எடுத்தான். ஆட்டோ சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். வாயில் வந்தது வேறு.

“டேய், மெக்கானிக் எப்பிடிடா வெளிய வந்தான்?”

இன்ஜினை நிறுத்தினான். அவன் சொல்லப்போகிறான் என்று நான் நிஜமாகவே நம்பி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், சிறுவயதில் அவன் வாய்க்கு அருகில் காதை வைத்துக்கொண்ட மாதிரி.

“சப்டைட்டில் போட்டுப் பாரு,” என்றான். போனை வைத்துவிட்டான்.