எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாத விடுமுறை நாள். ஷார்ஜாவில் ரோலா பக்கம் குடியிருந்த நாங்கள், கோர்ஃபக்கான் மலைகளுக்குள் இருக்கும் நஹ்வா என்ற சின்ன ஊரைப் பார்க்கக் காரில் கிளம்பினோம். நான், கணவர், ஆறு வயது மகள். கூடவே எங்கள் பள்ளியின் இசை டீச்சர். அதே பள்ளி அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. டீச்சர் ஆஸ்திரியாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நஹ்வாவுக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அவர்தான்.

காரணத்தை வழியில் சொன்னார். அவருடைய ஊர், ஜெர்மனி எல்லையை ஒட்டிய ஒரு பள்ளத்தாக்கு. மண் ஆஸ்திரியாவுடையது. ஆனால் மூன்று பக்கமும் மலை மறிப்பதால் சொந்த நாட்டுக்குப் போகவே சாலை கிடையாது. ஜெர்மனிக்குள் இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். முன்னோர்கள் பல நூறு வருடங்களுக்கு முன் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களாம். அவர் சிறுமியாக இருந்தபோது, கொடி ஆஸ்திரியக் கொடி, கடையில் செல்லுவது ஜெர்மன் பணம்.

நஹ்வாவும் அப்படி ஒரு விசித்திரம். அது ஷார்ஜாவைச் சேர்ந்தது. அதைச் சுற்றியிருக்கும் மத்ஹா, ஓமான் நாட்டு மண். மத்ஹாவைச் சுற்றி மறுபடியும் அமீரகம். நடுவில் செக்போஸ்ட் எதுவும் இல்லை. 'ஓமானுக்கு வரவேற்கிறோம்' என்று எங்கள் போன்களில் செய்தி வந்தபோதுதான் எல்லை தாண்டியதே தெரிந்தது.

நஹ்வாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மத்ஹாவில் ஒரு தோட்டத்து நிழலில் எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைப் பிரித்தோம். மகள் வீறிட்டாள். கழுத்தில் குளவி கொட்டியிருந்தது. அழுது ஓய்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்தது, கண் இமைகள் வீங்கி மூடின, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது.

அள்ளிப் போட்டுக்கொண்டு காரை எடுத்தோம். சற்று தூரத்திலேயே ஓர் ஆஸ்பத்திரி தெரிந்தது. கணவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

"இது ஓமான்டி. பாஸ்போர்ட் இல்ல, நம்ம இன்சூரன்ஸும் இங்க செல்லாது. உள்ள விடுவாங்களோ என்னவோ. அமீரகத்துக்குள்ள, கோர்ஃபக்கானுக்கே போயிடலாம், பக்கம்தான்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. முன்சீட்டிலிருந்த டீச்சருக்கு நாங்கள் பேசிய தமிழ் புரிந்திருக்காது. ஆனால் ஆஸ்பத்திரியைக் கார் தாண்டப்போவது புரிந்துவிட்டது. அதுவரை குரல் உயர்த்திப் பேசியே நான் பார்த்திராத அந்த அம்மாள், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்து. இங்கேயே நிறுத்து," என்று ஆங்கிலத்தில் கத்தினார். கணவர் மிரண்டுபோய் பிரேக் போட்டார். வண்டி நின்றும் நிற்காததுமாய் இறங்கி, பின்கதவைத் திறந்து, என் மடியிலிருந்த குழந்தையைப் பறித்துக்கொண்டு ஓடினார்.

உள்ளே யாரும் எந்த நாடு என்று கேட்கவில்லை. ஒரு மலையாளி நர்ஸ் தொடையில் ஊசி போட்டார், மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார். மூச்சு மெல்லச் சீரானதும் என்னிடம் வந்து, "சேச்சி, இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா தொண்டை முழுக்க அடைச்சிருக்கும். கோர்ஃபக்கான் வரைக்கும் தாங்கியிருக்காது," என்றார். கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் குழந்தையின் கட்டிலருகே உட்கார்ந்தபடி சொன்னார்.

"என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கீழே இறங்கியதும் ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அவர்தான் வேண்டாம் என்றார். காப்பீட்டுக் காகிதமெல்லாம் ஆஸ்திரியாவில் இருக்கிறது, அங்கேயே போவோம் என்றார். நான்தான் கார் ஓட்டினேன். அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் ஓட்டினேன். ஆஸ்திரியா போய்ச் சேருமுன் வழியிலேயே அவர் உயிர் பிரிந்துவிட்டது."

காலையில் அத்தனை ஆசையாக ஊர்க்கதை சொன்னவர், இதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. குளவி கொட்டியது அவளுக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் அவள் இன்று என் பக்கத்தில் தூங்குவதற்கு, நான் பார்த்தே இராத ஒரு பள்ளத்தாக்கில் வாழ்ந்த, பெயர்கூடத் தெரியாத ஒரு தகப்பனின் மரணமும் காரணம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போகிறது.