ஜெயம் விழுங்கிய சொல்

குருசுக்குப்பத்தில் மீன் விற்கும் ஜெயத்துக்கு வாய்தான் சொத்து. கூடையோடு தெருமுனையில் நின்று குரல் கொடுத்தால் கடைசி வீட்டுக்காரி சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனத்தார் குப்பத்தில் எச்சரிக்கைக் குழு அமைத்தபோது, கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியை வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

முதல் ஒத்திகையில் மானம் போயிற்று. "கடல் வருது, இது ஒத்திகை" என்று இவள் தொண்டை கிழியக் கத்த, சனம் கல்யாணத்துக்குப் போவதுபோல் கதை பேசிக்கொண்டே பள்ளிக்கூடத்து மேட்டுக்கு நடந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். ஜெயத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த ஒத்திகையில் அந்த ஒரு சொல்லை வேண்டுமென்றே விழுங்கினாள். "கடல் உள்ள வருது, ஓடுங்க" என்றாள். ஓடினார்கள். பயிற்சிக்காரர் எல்லார் முன்னாலும் கைதட்டினார். ஜெயம் பூரித்து நின்றபோதுதான் எதிர்வீட்டுக் கமலாவைத் தூக்கி வந்தார்கள். கமலா, சுனாமியில் மூத்த மகளைக் கைநழுவ விட்டவள். வாய்க்கால் பாலத்தில் விழுந்து கணுக்கால் முறிந்திருந்தது. அவள் கட்டிப் பிடித்திருந்த சின்னவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"இந்தத் தடவ புள்ளைய வுடலக்கா" என்றாள், அந்த வலியிலும் பெருமையாக.

சொல்லாமல் இருக்க முடியுமா? "தண்ணி வரலடி. ஒத்திகைதான். நாந்தான் சொல்லாம வுட்டுட்டேன்."

கமலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. ஒரு கைதட்டலுக்கு ஆசைப்பட்டு இந்தப் பாவத்தைச் செய்தோமே என்று ஜெயத்துக்குச் சோறு இறங்கவில்லை. எலும்பு கோணலாகக் கூடி, கமலாவுக்கு நொண்டல் நிலைத்துவிட்டது.

மறுவருஷம் ஒரு சாயங்காலம் நிஜமாகவே எச்சரிக்கை வந்தது. சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்ததாம். ஜெயம் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு ஓடினாள். குப்பமே கிளம்பிவிட்டது, கமலா மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"போக்கா. இன்னொரு காலும் வேணுமா ஒனக்கு?"

"எம் புள்ளைங்க மேல சத்தியம்டி, கெளம்பு."

கமலா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு மகனைத் தூக்கினாள். ஜெயம் கொடுத்த தோளைப் பிடிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டே நொண்டி நொண்டி மேட்டுக்கு வந்தாள்.

இருட்டிய பிறகு ஆபத்து நீங்கியது என்று அறிவித்தார்கள். கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. கமலா தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜெயத்தைத் திரும்பியும் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

சனமெல்லாம் கடலைப் பார்த்துக் கும்பிட்டது. ஜெயமும் கையெடுத்தாள். கமலா நம்புகிற மாதிரி முழங்கால் தண்ணியாவது வந்திருக்கக் கூடாதா என்று மனசு கேட்டது. அந்த நினைப்பில் அவளுக்கு உடம்பே கூசிப்போனது. எடுத்த கையை இறக்கிவிட்டாள்.