நிறைந்திருந்த வகுப்பில் ஓர் இடம்

கடந்த ஆண்டு பள்ளி தொடங்கிய வாரங்களில், வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுவேன். ஆயுள் முழுவதும் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன், பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்குப் பயந்து அறைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே இடைநிலைப் பள்ளியில் முதல் மூன்று படிவங்களில், அதாவது ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே பாடங்கள்தான். நான்காம் படிவத்தில் பாதை பிரிகிறது. மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு போன்றவை அப்போதும் பொது. அவற்றோடு எந்தப் பாடங்களைச் சேர்ப்பது என்பதற்குப் பள்ளி சில தொகுப்புகளை வைத்திருக்கும். பிள்ளைகள் அதை ‘பேக்கேஜ்’ என்கிறார்கள். என் காலத்தில் அறிவியல், கலை என்று இரண்டே கதவுகள். இப்போது கதவுகள் அதிகம் என்கிறார்கள். ஆனால் ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் உள்ள அளவுக்குத்தான் அவை திறக்கும். என் பேத்தியின் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் நான்கும் சேர்ந்த தொகுப்புக்கு ஒரே வகுப்பு. விருப்பத்தை யாரும் சொல்லலாம். இடம் மட்டும் மூன்றாம் படிவ மதிப்பெண் வரிசைப்படி. கிடைத்த தொகுப்பை ஐந்தாம் படிவத்தில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.வரை சுமக்க வேண்டும். ஆண்டின் முதல் சில வாரங்களுக்குள் மாறிக்கொள்ளலாம். அதன்பின் கிடையாது.

பேத்திக்கு அந்த இடம் கிடைக்காது, கணக்கியல் தொகுப்புதான் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. “பரவால்ல தாத்தா,” என்றாள். சொல்லிவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்தப் பெண் வாழ்க்கையில் பின்தங்கிவிடுவாள், நான் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறேன் என்ற பயம். அந்தப் பள்ளியின் துணை முதல்வர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவள். போனை எடுத்தேன். வேலையில் இருந்த நாள்களில், சிபாரிசோடு வந்த பெற்றோரை நிற்க வைத்தே திருப்பி அனுப்பியவன் நான்.

“சார் கேட்டு நான் முடியாதுன்னு சொல்வேனா? டென்ஷன் ஆகாதீங்க லா. நான் பார்த்துக்கிறேன்,” என்றாள்.

பார்த்துக்கொண்டாள். நிறைந்திருந்த வகுப்பில் திடீரென்று ஓர் இடம் எப்படி வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டியல் வந்த பிறகு எதிர்வீட்டு அம்மாள் வந்தார். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், கணவர் இல்லை. அவருடைய ஒரே மகளும் என் பேத்தியும் ஒரே பள்ளி, ஒரே படிவம். சனிக்கிழமைகளில் இருவரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் என்னிடம் ஆங்கிலம் படிப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு மருந்தியல் படிக்க வேண்டும் என்று ஆசை. உயிரியலும் வேதியியலும் இல்லாமல் அது நடக்காது. அவளுடைய மதிப்பெண் பேத்தியினுடையதைவிடக் கூடுதல் என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம்தான் ஓடிவந்து முதலில் சொன்னாள்; பேத்தி தன் மதிப்பெண்ணை வீட்டைத் தாண்டி யாரிடமும் சொல்லவில்லை.

“பிள்ளைய அக்கவுண்ட்ஸ்ல போட்டுட்டாங்க சார். கிளாஸ் டீச்சர் கண்டிப்பா கிடைக்கும்னு சொல்லியிருந்தாங்க. கடைசி நேரத்துல எவனோ கேபிள் போட்டுட்டான் சார். மேல ஆள் இருந்தா எல்லாம் நடக்கும்ல?” என்று சிரிக்கப் பார்த்தார். “உங்க பேத்திக்குக் கிடைச்சிருச்சு, ரொம்ப சந்தோஷம். எங்களுக்கும் நீங்க ஒரு வார்த்தை வந்து பேசினா கேப்பாங்க சார்.”

மறுத்தால் சந்தேகம் வந்துவிடுமே என்று பயந்தேன். புதன்கிழமை என் காரிலேயே அவரைப் பள்ளிக்கு அழைத்துப்போனேன்.

எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் துணை முதல்வரின் சிரிப்பு பாதியில் நின்றது. “சார்... நீங்களா?” என்றாள்.

“கிளாஸ் ஃபுல் அக்கா. லேப்ல அதுக்கு மேல பிள்ளைங்கள உட்கார வைக்க முடியாது. உள்ள இருக்கிறவங்க யாராச்சும் மாறினாத்தான். வெள்ளிக்கிழமைவரைக்கும் டைம் இருக்கு.”

“கிடைச்சதை விட்டுட்டு எவ டீச்சர் போவா? பைத்தியமா?” என்றார் அந்த அம்மாள்.

துணை முதல்வர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “சார் என்ன சொல்றீங்க?”

குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. முடிவை என் கையில் கொடுத்தாள் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது. “பள்ளிக்கூடத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கும்மா,” என்றேன். நான் சொன்னது அதுதான்.

திரும்பி வரும்போது காரில் அந்த அம்மாள் எனக்கு ஆறுதல் சொன்னார். “நீங்க சொன்னது சரிதான் சார். ஒழுங்குன்னு ஒன்னு இருக்குல்ல. நம்ம பிள்ளைக்குத்தான் மார்க் பத்தல போல. கேபிள் கீபிள்னு நான்தான் ஏதோ பேசிட்டேன். வீணா ஆசைப்படாதேன்னு அவகிட்ட சொல்லிடறேன்.” சிவப்பு விளக்கு விழுந்ததை நான் கவனிக்கவில்லை. குறுக்கே வந்தவன் ஹாரன் அடித்தபோதுதான் சந்தியின் நடுவில் இருப்பது தெரிந்தது.

அன்று இரவு போன் ஒலித்தாலும் பயம், ஒலிக்காவிட்டாலும் பயம். துணை முதல்வர் யாரிடமாவது சொல்லிவிடுவாளோ? பள்ளிக் கேண்டீனில் பேத்தியின் காதில் விழுந்துவிடுமோ? வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று காத்திருந்தேன். ஒரு பெண்ணின் வாய்ப்பு முடியும் நாளை, நான் தப்பிக்கும் நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் கேட் திறந்தது. அந்தப் பெண்தான். சீருடையை இன்னும் மாற்றவில்லை. பேத்தி உள்ளே மேசையில் உயிரியல் பாடத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“சார், சனிக்கிழமை இனிமே வரல சார். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“ஏம்மா?”

“சும்மாதான்.” செருப்பு முனையைத் தரையில் தேய்த்தாள். “சார், நேத்து நீங்க அங்க இருந்தீங்கல்ல. எனக்கு மார்க் பத்தலன்னு அம்மா சொல்றாங்க. எவ்வளவு சார் பத்தல?”

ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் நம்பிப் போயிருப்பாள். போனவள் அதை ஆயுள் முழுவதும் நம்பியிருப்பாள். அந்த வாரம் நான் பட்ட பயமெல்லாம் எனக்காகத்தான். முதன்முறையாக அந்தப் பெண்ணுக்காகப் பயந்தேன். குரலைத் தாழ்த்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். தாழ்த்தவில்லை.

“உனக்கு மார்க் போதும்மா. என் பேத்தியைவிடக் கூடுதல். நான்தான் போன் பண்ணி அந்த இடத்தை அவளுக்கு வாங்கினேன். போய் அம்மாவைக் கூட்டிட்டு வா. நாளைக்கு வேணாம், இப்பவே ஸ்கூலுக்குப் போவோம்.”

அவள் என் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். பிறகு திரும்பி வேகமாகச் சாலையைக் கடந்தாள்.

பேத்தி கதவருகே வந்து நின்றிருந்தாள். கையில் பென்சில்.

“அப்ப நான், தாத்தா?”

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

இடம் உரியவளுக்குப் போனது. எதிர்வீட்டு அம்மாள் இன்றும் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பார். பேத்தி கணக்கியல் படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள் என்று என் மகள் சொல்கிறாள். என்னிடம் பேத்தி பாடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் கேட்கத் துணிவதில்லை.