ஏழு கட்டம் தள்ளி ஒரு படகு

எண்ணெய் வண்ணத்தில் நான் முதன்முதலாக வரைந்தது, இயேசுவின் சீடர் தோமையார் நம்ம ஊர்க் கரையில் வந்து இறங்கும் காட்சி. இறங்கும் காட்சி என்று பெயர்தானே தவிர, நான் பார்த்து வரைந்த அச்சுப் படத்தில் அவர் இன்னும் இறங்கவில்லை. படகு கரையிலிருந்து ஏழு கட்டம் தள்ளி நின்றது.

கட்டம் என்பது, ராயபுரம் கோயில் கூடத்தில் ஞாயிறு பூசை முடிந்து ஓவியம் சொல்லிக்கொடுத்த சிஸ்டரின் முறை. படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட வேண்டும். வரைகிற கித்தான் துணியிலும் அதே கணக்கில் போட்டு, எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதை அப்படியே இறக்க வேண்டும். "ஒரு கட்டம் தப்புனாலும் அடுத்த வாரம் வராதீங்க" என்பார். எட்டாவதோடு நின்றுபோன என் படிப்பில், துரத்திவிடுவார்களோ என்று நான் பயந்த ஒரே வகுப்பு அது. கித்தானை வீட்டுக்குக் கொண்டுவந்து, தூசு ஒட்டுமோ, பல்லி விழுமோ என்று சாப்பிடும்போதுகூட அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வாரம் அப்பா போன விசைப்படகு வியாழக்கிழமை காசிமேடு திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. "படகுல ஐஸு இன்னும் கீதாம், மீனு புடிச்சிகினு கீறாங்க" என்றாள் அம்மா. நான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை அவள் துறைமுகத்துக்கு மூன்று தடவை போய்வந்தாள். மூன்றாவது தடவை மீன்கூடையைக்கூட எடுத்துப்போகவில்லை. வந்ததும் கித்தான் முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னாடி, தோமையாரு இன்னும் அங்கியே கீறாரு?"

"படத்துல அப்டித்தாம்மா கீது."

"கொஞ்சம் கரைக்கு இஸ்துகினு வாயேன்."

"சிஸ்டரு கத்துவாங்கமா!"

"கத்தட்டும். கடல்ல நிக்கிறது அவுங்களா? நீ இஸ்து வுடு."

எண்ணெய் வண்ணம் லேசில் காயாது. டர்பன்டைனில் நனைத்த துணியால் படகைத் துடைத்தெடுத்து, இரண்டு கட்டம் இந்தப்பக்கம் வரைந்தேன். சனிக்கிழமை காலையில் "இன்னும் கொஞ்சம்" என்றாள். மத்தியானம் இன்னும் கொஞ்சம். சாயங்காலம் தோமையார் மணலில் கால் வைத்துவிட்டார். துடைத்த இடமெல்லாம் கடல் சேறாய்க் கலங்கிக் கிடந்தது. வகுப்பு போச்சு என்று அழுதேன். அம்மாவும் அழுதாள். எனக்காகத்தான் அழுகிறாள் என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாதமா, சிஸ்டராண்ட நான் சொல்லிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அப்பா வந்துவிட்டார். இன்ஜின் நின்றுபோய் இரண்டு நாள் அலைந்த படகை, வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்ததாம். முகமெல்லாம் உப்பு. நான் கித்தானைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

சிஸ்டர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். யார் சொல்லிப் படகை நகர்த்தினாய் என்று கேட்டார். அம்மா என்றேன்.

"அப்பா வந்துட்டாரா?"

"காலைலயே வந்துட்டாரு சிஸ்டர்."

"சரி. அடுத்த வாரம் வா."

படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் எதற்கு நடுவில் அப்பாவை விசாரிக்கிறார் என்று தோன்றியது. ஆனால் தப்பித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடினேன். அம்மா அப்பாவுக்கு மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். கித்தானை நீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அத்த ஓரமா வையி, எண்ணெ தெறிக்கப்போவுது" என்றாள்.

இரண்டு நாள் என்னைப் பாடாய்ப் படுத்திக் கரைசேர்க்கச் சொன்னவள், சேர்த்த பிறகு ஒரு பார்வை பார்க்கவில்லையே என்று, அன்று சாயங்காலம்வரை நான் அவளோடு பேசவில்லை.